புதுவயல் மில்லில் எழ மறுத்த கெர்னல்

ஓடுகிற கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைப் படியேறியவர் இன்றுவரை ஒருவர்கூட இல்லை. வருவதெல்லாம் செத்தது, சாகக் கிடப்பது, சரிசெய்கிறேன் என்று வேறு யாரோ கொன்றது.

காரைக்குடியில் நானும் ஜமாலும் கூட்டாக நடத்துகிற பழுதுபார்க்கும் கடை அது. பிரிண்டர் என்றால் ஜமால், மற்றதெல்லாம் நான். ஒரு பெண் ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஆம்பள யாரும் இல்லையா?" என்று கேட்பவர்களை ஜமாலிடம் அனுப்புவேன். அவன் அவர்களை என்னிடமே திருப்பி அனுப்புவான். இதற்குள் அவர்களுக்கு வெட்கம் வந்துவிடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களே, அதிலும் கெர்னலைத் தானே கம்பைல் செய்து, மறுபடி பூட் செய்து, கருப்புத் திரைக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு விளக்கம்: கெர்னல் என்பது லினக்ஸின் உயிர்நாடி. மெஷினை எழுப்புவது, டிஸ்க்கைத் தேடுவது, திரைக்கு வெளிச்சம் கொடுப்பது எல்லாம் அதன் வேலை. பெரும்பாலோர் தயாராக வருகிற கெர்னலை அப்படியே வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். நிம்மதி பிடிக்காத சிலர் மனிதர் படிக்கிற வடிவில் இருக்கும் மூலநிரலை எடுத்து, வேண்டியதைச் சேர்த்து, வேண்டாததைக் கழித்து, மெஷினுக்குப் புரிகிற வடிவத்துக்குக் கம்பைல் செய்து, தங்களுக்கென்று ஒன்று செய்துகொள்வார்கள். நான் இரண்டாவது ரகம்.

பலகையில் ஒரு வரி

கடைப் பலகையில் 'லினக்ஸும் பார்க்கப்படும்' என்று நான் எழுத வைத்தபோது ஜமால் தலையில் அடித்துக்கொண்டான். "யக்கா, இந்த ஊர்ல அத யாரு வச்சிருக்கா? எழுதுற பெயிண்டுக்குத்தான் கேடு" என்றான். பெயிண்ட் காய்வதற்குள் ஒருவர் வந்து நின்றார். இளையாத்தங்குடி பஸ்ஸுக்காகக் காத்திருந்த பெரியவர். வெயிலுக்கு ஒதுங்கியவர் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அது என்ன புது வியாதி என்று கேட்டார்.

வியாதி இல்லை, விண்டோஸ் மாதிரி இதுவும் ஒன்று, இதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம் என்றேன். மாணவர்களுக்குச் சொல்வதுபோல நீட்டி முழக்கினேன். ஜமால் பிரிண்டருக்குள் தலையை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். பெரியவர் பொறுமையாகக் கேட்டார். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவர் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "வெளங்குச்சுத்தா. விண்டோசுன்னா சன்னலு, எட்டிப் பாக்கலாம். இதுன்னா கதவு, உள்ள போயி மாட்டிக்கிறலாம்."

பிணத்துக்குத் தலை சீவுதல்

புதுவயல் அரிசி மில் முதலாளி வெள்ளைச்சாமி அண்ணன் ஒருநாள் காலையில் தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். அவர் மில்லில் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அரிசி அருவி மாதிரி விழும். கேமரா ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கருப்பரிசியோ கல்லோ தெரிந்தால் காற்றை ஊதி வெளியே தள்ளிவிடும். அதற்குள் இருக்கிற கம்ப்யூட்டர் மின்சாரம் ஏறி இறங்கியதில் வெந்துபோய்விட்டது. அறுவடை முடிந்து நெல் வந்து குவிந்திருந்த நேரம். பிரிக்காத அரிசியை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டேன் என்கிறான். பெண்களை உட்கார வைத்துக் கையால் பொறுக்கவிட்டால் அடுத்த அறுவடை வந்துவிடும்.

போய்ப் பார்த்தேன். உள்ளே லினக்ஸ்! எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. வெந்த போர்டை எடுத்துவிட்டுப் புதுசு போட்டேன். இங்கேதான் சிக்கல். பழைய லினக்ஸுக்குப் புது போர்டைத் தெரியவில்லை. புது லினக்ஸைப் போட்டால் அதற்குக் கேமரா கார்டைத் தெரியவில்லை. மெஷின் விற்ற கம்பெனியின் ஏஜென்டுக்கு அண்ணன் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அந்த மாடலை நிறுத்தி ரொம்பக் காலமாயிற்று, புது மெஷின்தான் ஒரே வழி, இறக்குவதற்கு லாரி தயார் என்றார் அவர்.

பழைய டிஸ்க்கைக் கிளறியபோது கேமரா கார்டை இயக்குகிற டிரைவரின் மூலநிரல் அப்படியே இருந்தது. அதைப் புதுக் கெர்னலுக்குத் தகுந்தபடி திருத்தி, கெர்னலிலும் சில அமைப்புகளை மாற்றிக் கம்பைல் செய்தால் ஓடும். "நானே கெர்னல் செய்றேன்" என்று போனில் சொன்னேன். ஏஜென்ட் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "மேடம், செத்த பிணத்துக்கு எதுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்கீங்க?"

மெஷினுக்கு வந்த பயம்

அந்தக் கேள்விதான் என்னை மில்லிலேயே உட்கார வைத்தது. அவர் அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நானும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். உமித் தூசுக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, நெல் அவிக்கிற ஆவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, டிரைவரை வரி வரியாகத் திருத்தினேன். பழைய நிரல் கூப்பிடுகிற பெயர்களுக்குப் புதுக் கெர்னலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பெயரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தேன். இந்த மெஷினுக்கு எதற்கு இது, எதற்கு அது என்று தேவையில்லாததையெல்லாம் கழித்தேன். கம்பைல் ஓடி முடிந்தது. ஒரு பிழைகூட இல்லை. தோழர்களே, ஒரு பிழைகூட இல்லாமல் முடிந்தால் நாம் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் அண்ணனையும் ஆட்களையும் கூப்பிட்டு நிறுத்தி, எல்லோர் முன்னாலும் பூட் செய்தேன்.

திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடின. எல்லோரும் ஆவென்று பார்த்தார்கள். சட்டென்று நின்றது. 'கெர்னல் பேனிக்' என்று தொடங்கி ஒரு வரி. மூல டிஸ்க்கைக் காணோம், ஏற்ற முடியவில்லை, இதற்குமேல் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்று அர்த்தம். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். வெள்ளைச்சாமி அண்ணன் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து அந்த இங்கிலீஷைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏத்தா, பேனிக்னா பயம்தானே? மில்லு நிக்குதேன்னு நான் பயப்படுறேன், சரி. இது எதுக்குப் பயப்படுது?"

சோறும் பென் டிரைவும்

காரணம் எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பிடிபட்டுவிட்டது. டிஸ்க்கைப் படிக்கிற டிரைவரை நான் கெர்னலுக்குள் வைக்காமல் தனித் துண்டாகச் செய்திருந்தேன். அந்தத் துண்டு இருப்பதோ டிஸ்க்கில். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்ட கதை. இதற்காகத்தான் பூட் ஆகும்போது கெர்னல் கையோடு எடுத்துப் போகிற மாதிரி ஒரு சிறு பொட்டலம் கட்டித் தருவார்கள். தேவையான டிரைவர்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். நல்லவேளை, புது லினக்ஸோடு தயாராக வந்த கெர்னலை நான் அழிக்கவில்லை. பூட் ஆரம்பிக்கிற பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய், என் கெர்னலுக்குப் பொட்டலத்தைக் கட்டிவிட்டு மறுபடி பூட் செய்தேன். மறுபடியும் அதே பேனிக், அதே வரி.

அந்த நேரம் பார்த்து ஜமால் வந்தான். ஒரு கையில் எனக்குச் சாப்பாட்டுத் தூக்கு, இன்னொரு கையில் விண்டோஸ் போட்ட பென் டிரைவ். "யக்கா, ஃபார்மட் அடிச்சுருவோம்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை உமிக்குவியலில் தள்ளியிருப்பேன். விண்டோஸைப் போட்டால் கேமரா கார்டுக்கு டிரைவர் எங்கே இருந்து வரும், உன்னைப் பெத்த அத்தா வந்து எழுதுவாரா என்று கத்தினேன். மில்லே திரும்பிப் பார்த்தது. "கெர்னல் எழுந்திரிக்காம நான் இங்க இருந்து எழுந்திரிக்க மாட்டேன், நீ போடா" என்றேன். அவன் போகவில்லை. பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தான்.

கத்தி முடித்த வேகத்தில் ஒன்று தோன்றியது. பொட்டலம் கட்டினேனே, அது முழுசாக இருக்கிறதா? பார்த்தேன். பூட் கோப்புகளுக்கு என்று டிஸ்க்கில் ஒதுக்கியிருந்த இடம் நிரம்பி வழிந்தது. பொட்டலம் பாதியிலேயே அறுந்து கிடந்தது. டிரைவரைத் திருத்துகிறபோது பரிசோதனைக்கு நான் செய்து போட்டிருந்த அரைகுறைக் கெர்னல்களை வெளியே எறிந்து இடம் பண்ணி, திரும்பக் கட்டினேன். நான் கட்டளை அடித்துக்கொண்டிருக்க, ஜமால் பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் தூக்கைத் திறந்து என் பக்கம் தள்ளினான்: "யக்கா, உங்கள நான் தோக்கச் சொல்லலக்கா. சோறு திங்கச் சொல்றேன்."

முகம் காட்டாத மெஷின்

சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு பூட் செய்தேன். பேனிக் வரவில்லை. எதுவுமே வரவில்லை. கொஞ்சம் எழுத்து ஓடியது, பிறகு திரை முழுக்க இருட்டு. பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வெளியே போய்க் களத்தில் நின்றார். காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு, போனைக் காதில் வைத்தார். யாரோடு பேசுகிறார் என்று எனக்குக் கேட்காமலே தெரிந்தது. லாரி கிளம்பப் போகிறது.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திரை கருப்பு என்றால் மெஷின் செத்தது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். கருப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: முதலில் நாடி பிடித்துப் பாருங்கள். என் லேப்டாப்பிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிளை அந்த மெஷினில் சொருகி, உள்ளே இருக்கிறாயா என்று கேட்டேன். இருந்தது! பயனர் பெயரைக் கேட்டது, கடவுச்சொல்லைக் கேட்டது, உள்ளே விட்டது. தேவையில்லாததைக் கழிக்கிற வேகத்தில் திரைக்கான டிரைவரையும் நான் கழித்துவிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். கண், கை, கால் எல்லாம் வேலை செய்கிறது. கேமரா கார்டு பட்டியலில் இருந்தது. லேப்டாப்பிலிருந்தே பிரிக்கிற நிரலை ஓடவிட்டேன்.

அந்த மெஷினை ஓட்டுகிற பஞ்சவர்ணம் அக்கா இவ்வளவு நேரமும் மூட்டைமேல் உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அக்கா, கொஞ்சம் அரிசியக் கொட்டுங்க" என்றேன். "திரை கருப்பா இருக்குதேத்தா" என்றார். "கொட்டுங்கக்கா" என்றேன். அரை மனதோடு கொட்டினார். அரிசி விழுந்தது. டப், டப் என்று காற்று ஊதியது. ஒரு பக்கம் வெள்ளையாகவும் இன்னொரு பக்கம் கருப்பும் பழுப்புமாகவும் குவிந்தது. நான் அழுதேனா சிரித்தேனா என்று ஜமாலைத்தான் கேட்க வேண்டும். பஞ்சவர்ணம் அக்கா ஒரு கை அரிசியை அள்ளிப் பார்த்துவிட்டு, இருண்ட திரையைத் தட்டிக் கொடுத்துச் சொன்னார்: "எம் மருமகளும் இப்படித்தாத்தா. மொகத்தக் காட்ட மாட்டா, வேல பூராவும் நடந்துரும்."

லாரி திரும்பிய இடம்

ஏஜென்ட் லாரியோடு வந்து இறங்கியபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் திரை டிரைவரையும் சேர்த்து இன்னொரு முறை கம்பைல் செய்திருந்தேன், முகமும் வந்துவிட்டது. தேய்த்த சட்டையும் பளபளப்பான செருப்புமாக அவர் உமிமேல் மிதித்து வந்து மெஷினைப் பார்த்தார். மெஷின் கதவைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார்.

கம்பெனி அனுமதி இல்லாமல் உள்ளே கை வைத்தது குற்றம் என்றார். நாளைக்கு எந்த உதிரிபாகம் கேட்டாலும் தர மாட்டோம் என்றார். நிறுத்திவிட்டதாகச் சொன்ன மாடலுக்கு நீங்கள் இதுவரை தந்த உதிரிபாகம் எது என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை; மில் சத்தத்தில் உயர்த்தினாலும் பிரயோசனமில்லை. "இந்த நிரலைத் திறந்து திருத்தலாம்னு எழுதின ஆளே உரிமை கொடுத்திருக்காரு சார். அது மூலநிரலோட முதல் பக்கத்துலயே இருக்கு. நான் திருடலை, திருத்தினேன்" என்றேன். நாளைக்கு இது நின்றால் இந்தம்மா வருவாங்களா என்று அவர் அண்ணனைக் கேட்டார். "வருவேன்" என்று நான்தான் பதில் சொன்னேன். "நின்னா வருவேன். மறுபடி நின்னா மறுபடியும் வருவேன்."

அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புது மெஷின் என்றால் கடனும் வட்டியும் எவ்வளவு காலத்துக்கு என்று அவருக்குத் தெரியும். பழைய மெஷின் நாளைக்கே நின்றால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் முடிவு செய்ய எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு அந்தப் பேனிக் திரையைவிட நீளமாக இருந்தது. கடைசியில் தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஏஜென்டிடம் சொன்னார்: "வந்தது வந்தீக, காப்பி குடிச்சுட்டுப் போங்க. லாரியத் திருப்புறதுக்கு அங்குட்டுக் களத்துல எடம் இருக்கு."

கையெழுத்து இல்லாதவர்

மில் கதை எப்படியோ திருப்பத்தூர் வரைக்கும் போய்விட்டது. அங்கே கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒருவர் லேப்டாப்போடு வந்தார். கூடவே மனைவி. சாரும் நம்ம ஆள்தான். சும்மா இருந்த லேப்டாப்புக்கு வீடியோ பார்த்துக் கெர்னல் கம்பைல் செய்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன். "ஓடுமான்னு பாக்கத்தான்" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவருக்கு நாற்காலி போட்டேன். லேப்டாப் பூட் ஆகவில்லை. கையெழுத்து சரியில்லை என்று ஒரு வரி மட்டும் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

வேறு ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் பைத்தியக்காரத்தனம், அழித்துவிட்டு விண்டோஸ் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு கடையில் அந்தக் கையெழுத்துச் சோதனையையே அணைத்துவிடலாம் என்றார்களாம். எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. பூட் ஆகும்போது கெர்னலில் நம்பகமான கையெழுத்து இருக்கிறதா என்று மெஷின் பார்க்கும். கண்ட கண்ட நிரல் உள்ளே நுழையாமல் இருக்க அது ஒரு காவல். அதை வேலையைவிட்டு நிறுத்துவானேன்? "உங்க கெர்னலுக்கு நீங்களே கையெழுத்துப் போடுங்க சார்" என்று அவரையே உட்கார வைத்து, அவருக்கென்று ஒரு சாவியை உருவாக்கி, அதை லேப்டாப்புக்கு அறிமுகம் செய்து, அவர் கையாலேயே கெர்னலில் கையெழுத்திட வைத்தேன். பூட் ஆனது. மனிதர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததுபோல அந்த லேப்டாப்பைப் பார்த்தார்.

அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் மிக்ஸி ஓடவில்லையாம், அதைப் பார்க்கச் சொன்னால் கணவர் நேரமில்லை என்கிறாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிளம்பும்போது என்னிடம் தனியாக வந்து, கணவரைக் கண்ணால் காட்டிக் கேட்டார்: "ஒழுங்கான கையெழுத்து இல்லாத ஆள உள்ள விடாதுன்னு சொன்னீகள்ல, எங்க வீட்டு வாசலுக்கும் அத ஒண்ணு மாட்டிக் குடுங்களேன்."

ஆக, எழ மாட்டேன் என்கிற மெஷினைவிடப் பிடிவாதம் நமக்கு ஒரு பிடி கூடுதலாக இருந்துவிட்டால் மெஷின் எழுந்துவிடும். அதற்கப்புறம் நம்மை வைத்துச் சமாளிப்பது மட்டும்தான் வீட்டில் இருப்பவர்கள் பாடு.